வாசுகி அக்கா வரும்வரை

ஜனவரி 5, திங்கள்

சுகிர்தா நேற்றுப் பின்னேரம் விமானம் ஏறிவிட்டாள். வவுனியாவில் அவளுடைய தாய்க்கு, என் மாமிக்கு, பாரிசவாதத்தில் ஒரு பக்கம் இழுத்துவிட்டது. பார்க்க வேறு ஆள் இல்லை. எப்போது திரும்புவாய் என்று கேட்டேன். "அம்மா எழும்பி இருக்கட்டும்" என்றாள். அது ஒரு திகதி இல்லை.

இந்த டயறி மொத்த வியாபாரிகள் வருடாவருடம் தருவது. எந்த விமானத்தில் என்ன மரக்கறி வருகிறது என்பதைத் தவிர இதில் வேறெதையும் நான் எழுதியது கிடையாது. போகும்போது சுகிர்தா சொன்னாள்: "பிள்ளை என்ன சாப்பிட்டாள், எப்ப படுத்தாள் எண்டு எழுதி வையுங்கோ. நான் கேக்கேக்கை 'எல்லாம் நல்லம்' எண்டு மட்டும் சொல்லாதேங்கோ." ஆகவே எழுதுகிறேன்.

வர்ணிகாவுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. இன்று அவளைக் கடைக்குக் கூட்டிப்போனேன். ஸ்காபரோவில் என் கடையில் மீன் வாங்காத தமிழ் வீடு குறைவு. பத்தொன்பது வயதில் வந்து இன்னொருவர் கடையில் மீன் வெட்டத் தொடங்கியவன் நான். சும்மா இருந்து இதெல்லாம் வரவில்லை. ஆனால் வர்ணிகா வந்த அரை மணித்தியாலத்தில் வெண்டிக்காய்ப் பெட்டி கவிழ்ந்தது. பிறகு மீன் வெட்டும் மேசைக்குக் கீழே போய் ஒளித்துக்கொண்டாள். நான் கூப்பிட்டபோது வரவில்லை. குலம் அண்ணை கூப்பிட்டதும் வந்தாள்.

குலம் அண்ணை கடை தொடங்கிய நாளிலிருந்து என்னோடு நிற்கிறவர். அவருக்கு வாய் சும்மா கிடக்காது. "தம்பி, உம்மட முகம் பிள்ளைக்குப் பழக்கமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை பாக்கிற முகமெல்லோ" என்றார். கடையில் நின்ற சனம் சிரித்தது. எனக்கு லொறி வந்துவிட்டது, போய்விட்டேன்.

சாப்பிட்டது: ஒரு இடியப்பம். அதுவும் குலம் அண்ணை வாயில் தீத்தி.

ஜனவரி 6, செவ்வாய்

சுகிர்தா பிள்ளையைக் கொண்டுபோகிற விளையாட்டு நிலையம் ஒன்று இருக்கிறது. கடையிலிருந்து இரண்டு சிக்னல் தள்ளி, பள்ளிக்கூடக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அரசாங்கச் செலவில் நடக்கிறது. பள்ளிக்கூடம் போகும் வயது வராத பிள்ளைகளுக்கானது. பதிவு வேண்டாம், காசு வேண்டாம், நினைத்த நேரம் போகலாம் வரலாம். இப்படி ஒரு வசதி இருக்க ஏன் ஊர்ச்சனம் காசைக் கொட்டிப் பிள்ளைகளைப் பகல் பராமரிப்பில் விடுகிறது என்று யோசித்தபடி போனேன். வாசலிலேயே பதில் கிடைத்தது.

பிள்ளையையும் பையையும் உள்ளே கொடுத்துவிட்டுத் திரும்பினேன். பின்னாலிருந்து ஒரு குரல். "சேர், எங்கே போகிறீர்கள்?"

மார்லீன் என்று பெயர். ஜமேக்காக்காரி, என்னைவிட ஒரு சாண் உயரம். அந்த இடத்தை நடத்துகிறவர் அவர்தான்.

"பன்னிரண்டு மணிக்கு வந்து எடுப்பேன்" என்றேன்.

"இது பிள்ளையை விட்டுப் போகிற இடம் இல்லை. பிள்ளையோடு இருக்கிற இடம். நாங்கள் உங்களுக்கு உதவிக்குத்தான் இருக்கிறோம், உங்களுக்குப் பதிலாக இல்லை."

"நான் இருந்து என்ன செய்வது?"

"விளையாடுவது."

பிறகு வர்ணிகாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்கள் இவளுடைய அப்பாவா?" என்று கேட்டார். கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஓம் என்றேன்.

முழங்கால் நெஞ்சில் முட்டுகிற மாதிரி ஒரு சின்னக் கதிரை. அதில் இருந்து தொலைபேசியில் மீன் ஓடர் பார்த்தேன். மார்லீன் வந்து சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினார். தொலைபேசிக்கு மேலே சிவப்புக் கோடு. உள்ளே வைத்தேன். வர்ணிகா அறையின் மற்ற மூலையில் மணலில் இருந்தாள். நான் கிட்டப் போக எழும்பி வேறு மூலைக்குப் போனாள். மூன்று மூலை மாறினோம். நாலாவதற்கு நான் போகவில்லை.

ஜனவரி 7, புதன்

அரை முட்டை. கட்டிலில் மூத்திரம். உறைமழை, முருங்கைக்காய் வரவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

சுகிர்தா தொலைபேசி எடுத்தாள். மாமிக்குக் கை கொஞ்சம் அசைகிறதாம். பிள்ளையோடு கதைத்தாள். வர்ணிகா தொலைபேசியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "அம்மா வா, அம்மா வா" என்று கத்தியதில் கடைசியில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு சுகிர்தா ஒரு யோசனை சொன்னாள். மொன்றியலில் இருக்கிற அவளுடைய தமக்கை வாசுகி அக்காவுக்கு மாதக் கடைசியில்தான் லீவு கிடைக்கும். அக்கா வந்து பிள்ளையைக் கூட்டிப்போய், தான் திரும்பும்வரை வைத்திருப்பாவாம். "உங்களுக்கும் கடை இருக்கு, அவளும் உங்களோட ஒட்டுறாளில்லை. ரெண்டு பேருக்கும் ஏன் கஷ்டம்?"

எந்தப் பக்கம் பார்த்தாலும் நல்ல ஏற்பாடு. உடனே ஓம் என்றேன். பெரிய பாரம் ஒன்று இறங்கியது. மாதக் கடைசிவரை எப்படியாவது ஓட்டிவிட்டால் சரி.

"யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றாள்.

"இதில யோசிக்க என்ன இருக்கு?"

"சரி" என்று வைத்துவிட்டாள்.

ஜனவரி 13, செவ்வாய்

பொங்கலுக்கு இரண்டே நாள். வருடத்தில் பெரிய வியாபாரம். பத்தரைக்குக் கரும்பு லொறி வந்து நிற்கிறது, சாரதி தமிழ் தெரியாதவன், குலம் அண்ணைக்கு ஆங்கிலம் வராது. நான் நிலையத்தில் பிளாஸ்ரிக் யானையோடு இருக்கிறேன்.

பக்கத்தில் பிறேமிளா என்ற பிள்ளை இருந்தது. ஊர் நெடுங்கேணிப் பக்கம், அவளுக்கு ஒரு கைக்குழந்தையும் நாலு வயதுப் பெடியனும். நான் வாசலையே பார்ப்பதைக் கண்டு, "அண்ணா, நான் பாக்கிறன், கெதியா ஓடிப்போட்டு வாங்கோ" என்றாள்.

கெதியாகப் போனேன். கெதியாக வர முடியவில்லை. கரும்பில் பாதி முறிந்து வந்திருந்தது. அதைத் திருப்பி ஏற்றவைத்து வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல்.

வாசலில் மார்லீன். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும்.

"அழுதாளா?" என்று கேட்டேன்.

"இல்லை. நீங்கள் போனதைப் பார்த்தாள். பிறகு விளையாடினாள்."

உள்ளே போனேன். வர்ணிகா மணலைக் கரண்டியால் அள்ளிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி அள்ளினாள். நல்ல பிள்ளை. பிறேமிளாவின் பெடியன் தாய் டொய்லெட்டுக்குப் போனாலே கூரை பறக்கக் கத்துவான். என் பிள்ளை அப்படிக் கரைச்சல் தருவதில்லை. சுகிர்தாவின் வளர்ப்பு.

மார்லீனிடமும் இதைச் சொன்னேன். "நாளைக்கும் வாருங்கள்" என்றார்.

கரும்பு நன்றாகப் போனது.

ஜனவரி 14, புதன்

என்னால் பிறேமிளாவுக்குப் பேச்சு விழுந்ததாம். ஒரு கரும்பும் ஒரு மண்பானையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். சமாதானத்துக்குக் கொடுத்ததுதான்.

"உதெல்லாம் ஏனண்ணா? மார்லீன் பேசினா எனக்கென்ன, வீட்டில பேசாததையோ பேசிப்போட்டா?" என்று சிரித்தாள். பிறகு குரலைக் குறைத்தாள். "உண்மையா, உங்களைக் கண்டது எல்லாருக்கும் புதினம். சுகிர்தாக்காவுக்கு ஆளில்லை எண்டெல்லோ நாங்கள் நினைச்சம்."

"ஆளில்லையெண்டா?"

"கோவிக்காதேங்கோ. ஒண்டரை வருசமா வாறா, ஒரு நாளும் உங்கட கதை எடுக்கேல்லை. கிறிஸ்மஸ் பார்ட்டிக்கும் அவவும் பிள்ளையும்தான். சனிக்கிழமையில தகப்பன்மாருக்கெண்டு மார்லீன் காலமைச் சாப்பாடு வைப்பா, அதுக்கும் அவதான் வருவா. பாவம், புருசன் விட்டிட்டுப் போட்டானாக்கும் எண்டு நினைச்சு ஒருத்தரும் கேக்கேல்லை."

"எங்கட கடையிலதானே நீர் மீன் வாங்குறனீர்?"

"ஓம். மீனை வெட்டித் தருவியள், வீட்டில பெண்சாதி இருக்கெண்டு சொல்லியே தருவியள்?"

சுகிர்தா அதிகம் கதைக்காத ஆள். அதனால் வந்த குழப்பம் இது. சனிக்கிழமை கடையில் எப்படிச் சனம் என்று அவளுக்குத் தெரியும், அதனால் எனக்குச் சொல்லியிருக்கமாட்டாள். சொல்லியிருந்தாலும் நான் போயிருக்கமாட்டேன் என்பது வேறு விஷயம்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். காலை ஆறு மணிக்கே கடை நிரம்பியது. வர்ணிகாவைக் குலம் அண்ணையின் மனைவி வைத்திருந்தா. வீட்டில் பொங்கவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

இன்று ஒரு விஷயம் நடந்தது.

அங்கே தண்ணீர் மேசை ஒன்று உண்டு. பெரிய தொட்டி, உள்ளே பிளாஸ்ரிக் மரக்கறிகள், பிள்ளைகள் கழுவி விளையாட. வர்ணிகா அதில் நின்றாள். நான் வழக்கம்போல "வர்ணி, இஞ்சை வாங்கோ, அப்பாட்டை வாங்கோ" என்று கூப்பிட்டேன். பையில் சொக்லட்டும் வைத்திருந்தேன்.

மார்லீன் சொன்னார்: "கூப்பிடாதீர்கள். பக்கத்தில் போய் நீங்களும் ஏதாவது செய்யுங்கள். அவளைப் பார்த்துச் செய்ய வேண்டாம்."

இது எனக்கு விளங்குகிற பாஷை. கடைக்குள் வருகிறவரைக் கையைப் பிடித்து இழுத்தால் ஓடிவிடுவார். பெட்டியை ஒழுங்காக அடுக்கிக்கொண்டு நின்றால் தானாக வருவார். பிள்ளையிடம் மட்டும் ஏன் இழுத்துக்கொண்டு நின்றேன் என்று தெரியவில்லை.

சட்டைக் கையை மடித்துவிட்டுத் தொட்டியின் மற்றப் பக்கம் முழங்காலில் நின்றேன். கத்தரிக்காயை எடுத்துக் கழுவி, காம்பைப் பார்த்து, ஒரு பக்கம் வைத்தேன். பூசணிக்காயைத் தட்டிப் பார்த்தேன். கடையில் செய்கிற மாதிரியே, அதே வேகத்தில். ஒரு தக்காளி நசிந்திருந்தது. "பழுது" என்று தோளுக்கு மேலால் பின்னுக்கு எறிந்தேன். பழக்கதோஷம்.

வர்ணிகா சிரித்தாள். வாயை மூடிக்கொண்டு, மூக்கால்.

கொஞ்ச நேரம் கழித்து ஈரமான பிளாஸ்ரிக் வாழைப்பழம் ஒன்றை என் கைக்குள் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. நான் அதைப் பிரட்டிப் பார்த்தேன். "பழுது!" எறிந்தேன். அடுத்தது கரட். அடுத்தது சோளம். கடைசியில் அறை முழுக்கத் தண்ணீர், மார்லீன் துடைக்கிற தடியைக் கொண்டுவந்து என் கையில் தந்தார்.

துடைத்தேன். கடை நிலத்தை நான் துடைத்துப் பல வருடம்.

சாப்பிட்டது: சோறு, பருப்பு, ஒரு துண்டு பாரை மீன். நான் தீத்தினேன்.

ஜனவரி 22, வியாழன்

கடையில் வர்ணிகா ஒரு நல்ல மாம்பழத்தை எடுத்து "பழுது!" என்று எறிந்தாள். அது ஒரு வாடிக்கையாளரின் சப்பாத்தில் விழுந்தது. குலம் அண்ணை சொன்னார்: "சரியான முதலாளி வந்திட்டா. இனி நீர் வீட்டை போம்."

இப்போதெல்லாம் பதினொன்றரைக்குத்தான் கடைக்கு வருகிறேன். குலம் அண்ணை திறக்கிறார். கடை விழுந்துவிடவில்லை. இது எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

ஜனவரி 26, திங்கள்

நிலையத்தில் டொய்லெட்டுக்குப் போனேன். கதவைப் பூட்டியதும் வெளியே ஒரு பிள்ளை கத்துகிற சத்தம். பிறேமிளாவின் பெடியன் என்று நினைத்தேன். பிறகு "அப்பா" என்று கேட்டது. அப்போதும் யாருடைய பிள்ளையோ என்றுதான் இருந்தேன்.

கதவை யாரோ கீழிருந்து அடித்தார்கள்.

வெளியே வர வர்ணிகா மூக்கு ஒழுக நின்றாள். காலைக் கட்டிப்பிடித்தாள். நான் கையைக்கூடக் கழுவவில்லை. மார்லீன் தூரத்தில் நின்று பார்த்தார், கிட்ட வரவில்லை. பிறேமிளா மட்டும், "அண்ணா, இனி வடிவா மாட்டுப்பட்டியள். டொய்லெட் கதவைத் திறந்து வைச்சுக்கொண்டுதான் போகவேணும்" என்றாள்.

அங்கே ஒரு கண்ணாடி இருந்தது. அதில் என் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஜனவரி 28, புதன்

வாசுகி அக்கா வெள்ளிக்கிழமை வருகிறா. வர்ணிகாவின் உடுப்புகளைப் பையில் அடுக்கினேன். அவள் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். திரும்ப அடுக்கினேன். ஒப்புக்கொண்டது ஒப்புக்கொண்டதுதான். அங்கே அக்காவின் பிள்ளைகள் இருக்கிறார்கள், நல்ல வீடு. பிள்ளைக்கும் நல்லம், கடைக்கும் நல்லம்.

இரண்டு தரம் சுகிர்தாவுக்கு எடுக்கப் பார்த்தேன். எடுத்து என்ன சொல்வது என்று வைத்துவிட்டேன்.

ஜனவரி 30, வெள்ளி

வாசுகி அக்காவை நேரே நிலையத்துக்கே வரச் சொன்னேன். கடைசி நாள்தானே, பிள்ளை கொஞ்ச நேரம் விளையாடட்டும் என்று. அக்கா விடியமுன்பே மொன்றியலில் காரை எடுத்து, பிள்ளைகளின் பாட்டு நேரம் முடிகிற சமயம் வந்து சேர்ந்தா. பெரிய பொம்மை ஒன்று கொண்டுவந்தா. வர்ணிகா வாங்கினாள், சிரித்தாள், அக்காவின் மடியிலும் இருந்தாள். எல்லாம் சுகமாக முடிகிறது என்று நினைத்தேன். மார்லீன் வர்ணிகாவைக் கட்டிக்கொண்டு விடை சொன்னார். எனக்குக் கை தந்தார். நல்ல இறுக்கமான பிடி.

வெளியே நடையில்தான் எல்லோருடைய பனிச்சப்பாத்துகளும் இருக்கும். அக்கா வர்ணிகாவுக்கு ஜக்கெற் போட்டு, சப்பாத்துப் போட்டுவிட்டா. நான் பையைத் தூக்கி அக்காவிடம் கொடுத்தேன். அதற்குள் வர்ணிகா நழுவிப் போய்விட்டாள்.

திரும்பி வந்தாள், நெஞ்சோடு அணைத்தபடி என்னுடைய சப்பாத்து ஒன்று. அவளுடைய இடுப்புக்கு வரும் அது. என் முன்னால் வைத்தாள். திரும்பப் போனாள். மற்றதையும் இழுத்துக்கொண்டு வந்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில், கால் மாறி வைத்துவிட்டு, "அப்பா, போடு" என்றாள்.

"அப்பா வரேல்லைச் செல்லம். நீங்களும் பெரியம்மாவும்தான். அப்பாவுக்குக் கடை இருக்கெல்லோ" என்றா அக்கா.

வர்ணிகா அழவில்லை. என்னைப் பார்த்தாள். நான் கடைக்கு வெளிக்கிடுகிற ஒவ்வொரு காலையும் அவள் இப்படித்தான் பார்த்திருப்பாளோ என்று நினைத்தேன். பார்த்திருந்தாலும் நான் கண்டிருக்கமாட்டேன். கடைத் திறப்புக் கோர்வையைத் தேடிக்கொண்டிருந்திருப்பேன்.

குனிந்து சப்பாத்தைப் போட்டேன். கயிற்றைக் கட்டக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

"அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அவ்வளவு தூரம் வந்திட்டியள். பிள்ளை வரமாட்டாள்."

"பிள்ளை வரமாட்டாளோ, நீங்கள் விடமாட்டியளோ?"

"ரெண்டாவதெண்டே வையுங்கோ."

அக்கா பையை நிலத்தில் வைத்தா. "தம்பி, பகிடி விடாதேங்கோ. கடையை என்ன செய்யப் போறியள்?"

"காலமையில குலம் அண்ணை பாப்பார். பேசியாச்சு."

"எப்ப பேசினீங்கள்?"

"இனித்தான்."

அக்காவுக்குக் கோபம்தான். இருந்தாலும் வீட்டுக்கு வந்து, நான் வைத்த மீன் குழம்பில் சாப்பிட்டா. உப்புக் கூட என்று சொன்னா. கோபத்தில் சொல்லவில்லை, உண்மையாகவே கூடத்தான். போகும்போது பொம்மையை விட்டுவிட்டுப் போனா. "சுகிர்தாவுக்கு நீங்களே சொல்லுங்கோ. நான் சொல்லமாட்டன்."

ஜனவரி 31, சனி

அக்கா சொல்லிவிட்டிருந்தா. சுகிர்தாதான் எடுத்தாள்.

"அவளை அனுப்பேல்லையாம்."

"ஓம்."

"ஏன்?"

டயறியை எடுத்து வாசித்தேன். செவ்வாய் சோறும் பருப்பும், புதன் புட்டும் வாழைப்பழமும், எத்தனை மணிக்குப் படுத்தாள், எந்த நாள் கட்டில் நனையவில்லை. வாசித்து முடிய, "நீங்களோ எழுதினது?" என்றாள்.

"நீர்தானே எழுதச் சொன்னனீர்."

"எழுதுவியள் எண்டு நினைக்கேல்லை."

நானும் ஒன்று கேட்டேன். கேட்கக்கூடாது என்று இருந்துவிட்டுக் கேட்டேன். "அங்கை ஏன் என்னைப்பற்றி ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லேல்லை?"

கோபமில்லாமல்தான் பதில் சொன்னாள். "என்னத்தைச் சொல்லுறது?"

மாமி எப்படி என்று கேட்டேன்.

மாமி பிடித்துவிட எழும்பி இருக்கிறாவாம். இனி மாமியைப் பார்க்க அவளுடைய சின்னம்மா வந்து நிற்பதற்கு ஒப்புக்கொண்டுவிட்டா. அடுத்த மாத நடுவில் வருகிறேன் என்று திகதி சொன்னாள். இதே புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் குறித்தேன்.

வைக்கப்போகும்போது கேட்டாள். "இஞ்சருங்கோ. அவள் என்னைத் தேடுறாளோ?"

முதல் கிழமை ஏழு நாளும் தேடினாள். இரண்டாவது கிழமையும் கேட்டாள். இந்தக் கிழமை ஒரு தரமும் கேட்கவில்லை. இப்போதும் தொலைபேசியைக் காதில் வைத்தேன், தட்டிவிட்டுப் பொம்மைக்குச் சோறு தீத்த ஓடிவிட்டாள். நேற்றைய மீனை இன்றைய மீன் என்று நான் ஒரு நாளும் விற்றதில்லை.

"ஓம்" என்றேன். "ஒவ்வொரு நாளும். படுக்கப் போகேக்கை உம்மைத்தான் கேக்கிறாள்."

மற்றப் பக்கம் அழுதாள். அழுதுகொண்டே, "அப்ப சரி, அப்ப சரி" என்றாள்.

பெப்ரவரி 1, ஞாயிறு

கடைக்குப் போகவில்லை. காலை முழுக்க வர்ணிகாவை வைத்துக்கொண்டு அம்மாவின் படங்களைக் காட்டினேன். அம்மா வந்து இறங்குகிற அன்று இவள் ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும். நான் சொன்னது அதற்குள் உண்மையாகிவிட வேண்டும். வரும் என்று சொன்ன சரக்கை எந்தப் பாடுபட்டாவது வரவைக்கிறவன் நான்.

அம்மா பாடுகிற பாட்டைப் பாடுவோம் என்று தொடங்கினேன். எந்தப் பாட்டு என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா விளையாடுகிற விளையாட்டு என்று சொன்னேன். அதுவும் தெரியவில்லை. வர்ணிகா என் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

நாளைக்கு நிலையத்துக்கு நேரத்தோடு போக வேண்டும். சுகிர்தா பிள்ளையோடு என்ன பாடுவாள், என்ன விளையாடுவாள், எப்படிச் சிரிக்கவைப்பாள் என்று பிறேமிளாவிடம் கேட்க வேண்டும். அவளுக்குத் தெரியாதது மார்லீனுக்குத் தெரிந்திருக்கும்.